பரணில் ஏற்றிய வாக்கர்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து முத்து அண்ணன் போன் செய்தபோது, எங்கள் வீட்டு வாசலில் ஒரு அக்கா தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டைக் கேட்டு நின்றுகொண்டிருந்தார். அம்மா போனைக் காதில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "காளீசு போயிட்டாத்தா" என்றாள். அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "என்ன செஞ்சுச்சு?" என்று கேட்டார். அண்ணன் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தான். தொடையெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டிவிட்டது, மூச்சுவிட முடியவில்லை என்று அவன் அழுதுகொண்டே சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அம்மா அந்த அக்காவிடம் சொன்னாள்: "மாரடைப்பு."

அன்றிலிருந்து பாம்பன் முழுக்க, முத்து அண்ணன் மனைவி காளீஸ்வரி மதினி மாரடைப்பில் செத்தவர்.

நாளைக்குக் கருமாதி. மதினியிடம் துணி தைக்கக் கொடுத்த நீங்கள் எல்லோரும் சேர்ந்து, அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதி வாசிக்கும்படி என்னிடம் கேட்டீர்கள். "மாரடைப்புன்னு மட்டும் எழுது. வேற எதையும் இழுக்காத. ஒங்க அக்கா வாழ்க்கை இருக்கு" என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்படியே ஒன்று எழுதி அவளிடம் காட்டியும் விட்டேன். இது வேறு. தையல் மெஷினில் இருக்கிற சின்ன விளக்கை மட்டும் போட்டு எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் அணைத்துவிடுகிறேன்.

மதினிக்கு இருந்தது எம்.எஸ். என்கிற நரம்பு நோய். கரண்டு வயரின் ரப்பர் அங்கங்கே உரிந்துபோனால் எப்படியோ அப்படி, நரம்பின் மேலுறை உரிந்துபோகும் என்று மதுரை டாக்டர் படம் போட்டுக் காட்டினாராம். முதலில் ஒரு கண் மங்கியது. பிறகு இடது கால். நடக்கும்போது அந்தக் காலின் நுனி மட்டும் மேலே எழும்பாது. மேடு பள்ளம் இல்லாத தரையிலும் தட்டும்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் காய்கறிப் பையோடு விழுந்தார். டீக்கடையில் நின்ற ஒருவர், "பொம்பளைகளும் தண்ணியப் போட ஆரம்பிச்சுட்டாளுக" என்றார். நான் கூனிக்குறுகி நின்றேன். மதினி கீழே கிடந்தபடியே, "ஆமாண்ணே, ஒங்களுக்கு வச்சிருந்ததத்தான் குடிச்சுட்டேன். முருங்கக்கா அங்கன உருண்டு கெடக்கு, எடுத்துக் குடுங்க" என்றார். அந்த மனுஷர் எடுத்தும் கொடுத்தார். வரும் வழியில் நான் அழுதுகொண்டே வந்தேன். "இங்க பாரு வேணி, விழுந்தா மொதல்ல எது ஒடஞ்சுச்சுன்னு பாக்கணும். எவன் சிரிச்சான்னு வீட்டுக்கு வந்து பாத்துக்கிடலாம்" என்றார் மதினி.

விழுவதைவிட, தூக்க வருகிறவர்கள்தான் அவருக்குப் பெரிய தொல்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுப்பார்கள். தோள்பட்டை வலியில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பார். "தூக்காதீங்க, ஆளுக்கொரு பக்கம் கரைக்கு இழுக்க நான் என்ன கரவலையா? ஒரு நாற்காலிய மட்டும் கொண்டு வாங்க" என்பார். நாற்காலி வந்தால் போதும். ஒருக்களித்துப் புரண்டு, முட்டி போட்டு, இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றி, நல்ல காலான வலது காலை முன்னால் வைத்து அவரே எழுந்துவிடுவார். நாற்காலி நகராமல் பிடித்துக்கொள்வதுதான் நம் வேலை. இது இவ்வளவு லேசானது. ஆனால் ஒருவரும் கேட்டதில்லை. "ஒதவிக்கு வந்தா நம்மளுக்கே பாடம் எடுக்கிறா" என்று பக்கத்து வீட்டில் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அம்மாவும் கேட்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் நொச்சி இலை போட்டு ஆவி பறக்க வெந்நீர் வைப்பாள். மதினியின் காலில் எண்ணெய் தேய்த்து, அவளே ஊற்றுவாள். குளித்து வந்ததும் மதினியின் கால்கள் நனைந்த துணிபோல ஆகிவிடும். அன்றைக்கு எப்படியும் ஒரு தடவை விழுவார். "சூடு ஆகாதுன்னு டாக்டரு சொல்லிருக்காரு அத்த" என்றால், "அவருக்கு என்ன தெரியும், நரம்புக்குச் சூடுதான் மருந்து" என்பாள் அம்மா. அவள் கெட்டவள் இல்லை. அந்த நொச்சியைப் பறிக்க வெயிலில் எவ்வளவு தூரம் நடந்து போவாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

வெயில் காலத்தில் மதினி கழுத்தில் ஈரத்துண்டு சுற்றிக்கொண்டு தைத்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "என்ன காளீசு, லாரி ஓட்டப் போறியா?" என்று உங்களில் ஒருவர் கேலி செய்தீர்கள். அந்தத் துண்டு இல்லையென்றால் உங்கள் துணி நேரத்துக்குக் கிடைத்திருக்காது.

பிடித்து நடக்க வாக்கர் வந்த பிறகு விழுவது குறைந்தது. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடியும் வேண்டும் என்று மதினி கேட்டார். செல்வி அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. "நோயாளி இருக்குன்னு செவுத்துல எழுதி வச்ச மாதிரி ஆயிரும்" என்றாள் அம்மா. "கல்யாணம் முடியட்டும்த்தா, வச்சுருவோம்" என்றார் எங்களைப் பெற்ற அய்யா. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வாக்கர் கட்டிலுக்கு அடியில் போகும். அவர்கள் போனதும் வெளியே வரும். இது எங்கள் வீட்டில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

தொண்டியிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, கட்டிலுக்கு அடியில் வைத்தாலும் தெரியும் என்று அம்மா பயந்தாள். "ஏலே முத்து, அத பரண்ல ஏத்து" என்றாள். அண்ணன் மதினியைப் பார்த்தான். "ஏத்துங்க, ஏத்துங்க. இன்னைக்கு நான் மகாராணி, கட்டில விட்டே எறங்க மாட்டேன்" என்று மதினி சிரித்தார். அக்கா அன்று போட்டிருந்த ஜாக்கெட்டும் அவர் தைத்ததுதான்.

ஆனால் இந்த நோயில் ஒன்றுக்கு வந்தால் அடக்க முடியாது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் முன்னறையில் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தேன். பையனுடைய அம்மா என்னிடம் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் நன்றாக நடந்தது. அவர்கள் வேன் ஏறிய பிறகு உள்ளே போனால் கட்டிலில் மதினி இல்லை. குளியலறையில் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தார். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதை எடுத்துவிட்டு, "போயிட்டாங்களா?" என்றார்.

"போயிட்டாங்க மதினி."

அதற்குப் பிறகுதான் கத்தினார்.

மதினி மேலேயும் எனக்குக் கோபம் இருக்கிறது. டீக்கடையில் நின்றவரிடம் அவ்வளவு வாய் பேசியவர், எங்களுக்காக எதற்கு வாயை அடைத்துக்கொண்டார்? ஒரு சத்தம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு சம்பந்தம் போயிருக்கும். அவ்வளவுதானே.

தொண்டிக்காரர்களுக்கு அக்காவைப் பிடித்துவிட்டது. நாளைக் கருமாதிக்கு அவர்களும் வருகிறார்கள்.

நேற்றுக் கொத்தனார் வந்து குளியலறையில் கைப்பிடி பொருத்திவிட்டுப் போனார். கருமாதிக்கு வயதானவர்கள் வருவார்களாம், வழுக்குமாம். அய்யா உள்ளே போய் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "கெட்டியா இருக்கு" என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மதினியின் மெஷின் அண்ணனுக்கு. சேலைகளை அம்மா யாருக்காவது கொடுத்துவிடுவாள். வாக்கரை மட்டும் கருமாதி முடிந்ததும் கடலில் போட்டுவிடச் சொல்லியிருக்கிறாள். அதை நான் எடுத்துக்கொண்டேன். இதை எழுத உட்காருவதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, பாத்திரங்கள் உரசாமல் இறக்கிவிட்டேன். பிடியில் வியர்வை வழுக்காமல் இருக்க ஜாக்கெட் துணியைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மாம்பழ மஞ்சள். உங்களில் யாரோ ஒருவருடைய துணியில் மிஞ்சியதாக இருக்கும்.

இப்போது அது முன்னறையில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் நிற்கிறது. விடிந்ததும் அம்மாதான் முதலில் பார்ப்பாள். மறுபடியும் பரணில் ஏற்றச் சொன்னால் நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். தொண்டிக்காரர்கள் யாருடையது என்று கேட்டால் எங்கள் மதினியுடையது என்று சொல்லி, இந்தத் தாளை வாசிப்பேன். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்க மாட்டேன்.