வைக்க மறந்த பொட்டு

கலா அக்காவின் நெற்றியில் பொட்டு வைக்க நான் மறந்துபோனேன். சுவரில் வரைந்த படத்தில்தான்... ஆனால் வேண்டுமென்றே விட்டதாகத் தெருவை நம்பவிட்டேன். அதுதான் என் குற்றம்.

புதுச்சேரியில், மூடிப்போன மில்லின் நீண்ட சுவரில் எங்கள் தெருவை வரையச் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வொயிட் டவுனின் மஞ்சள் சுவர்களைத்தானே எல்லோரும் படம் பிடிக்கிறார்கள், நம்மை யார் பார்க்கிறார்கள் என்று தெருக்காரர்களுக்குக் கோபம். கேரம் ஆடுகிறவர்கள், குழாயடிச் சண்டை, பிரியாணி அண்டாவோடு பாய்... எல்லாரையும் அவரவர் முகத்தோடு வரைந்தேன். நடுவில், எல்லாரையும்விடப் பெரிதாக, மீன் கூடையோடு கலா அக்கா.

அக்காவின் புருஷன் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. படகும் இல்லை, உடலும் இல்லை. இறந்ததாக எடுத்துக்கொண்டு காரியம் செய்துவிடலாம் என்று அவர் வீட்டார் நச்சரித்தார்கள். அக்கா மசியவில்லை. தினமும் பெரிய குங்குமப் பொட்டோடுதான் மீன் விற்க வருவாள்.

பொட்டை நான் எப்போதும் கடைசியில்தான் வைப்பேன். முகத்தின் நிறம் நன்றாகக் காய்ந்தால்தான் சிவப்பு கசியாது. அன்று காயட்டும் என்று டீ குடிக்க இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் பாயின் தாடியில் மூழ்கிவிட்டேன்... அதற்கடுத்த நாள் ஏறி நின்று வரைந்த மூங்கில் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள்.

திறப்பன்று தெருவே கூடி நின்றது. சத்தம் திடீரென்று அடங்கியது. அண்ணாந்து பார்த்தேன். அந்த நெற்றி வெறுமையாக இருந்தது!

"நாங்க எத்தன தடவ சொல்லியும் அவ கேக்காதத நீ சுவத்துல சொல்லிட்டப்பா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் அக்காவின் மாமனார். நாலு பேர் தலையாட்டினார்கள். பெரிய கலைஞன் என்று என்னைப் பார்த்த பார்வை அது. அதை இழக்க மனம் வரவில்லை. சீ, என்ன மனம் இது...

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "தம்பி, ஒனக்கு எதுனா சேதி தெரியுமா? அதான் வக்காம வுட்டியா?"

மறந்துட்டேன்க்கா. ஒரே சொல். நாக்கு வரை வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே காரியம் நடந்தது. பந்தியில் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். சாப்பிட்டேன்!

அக்காவின் புருஷன் இன்றுவரை வரவில்லை. காணாமல் போன படகு ஏதோ கரைசேர்ந்தது என்று காதில் விழுந்தால் துறைமுகத்துக்கு ஓடுகிறேன். வந்துவிட வேண்டும் என்றா, வந்துவிடக் கூடாது என்றா? நானும் ஒரு மனிதனா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போன வாரம், சுவர் வெளுத்துவிட்டது என்று மறுபடி கூப்பிட்டார்கள். இன்று பொட்டை வைத்துவிட்டு, கீழே இறங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு சாரத்தில் ஏறினேன். சிவப்பில் தூரிகையைத் தோய்த்தேன்.

கீழே அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து நின்றிருந்தாள்.

"நெத்திய மட்டும் தொடாத தம்பி. வந்துடுவாரு, வந்துடுவாருன்னு தெருவே சொல்லிச்சு. நீ ஒருத்தன்தான் எங்கிட்ட பொய் சொல்லல."

சரிக்கா, என்றேன். டப்பாவை மூடிவிட்டேன்.