அறுபதிலிருந்து ஒன்பதுக்கு

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் கார் ரேஸ் போட்டி நடத்தப்போகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவள் என் தோழி. மாடிப்படியில் அவள் தடதடவென்று இறங்கி வந்த சத்தத்திலேயே ஏதோ பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அஸ்தினாபுரத்தில் நாங்கள் குடியிருந்தது கீழ்வீடு. மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். அவர்களுடைய ஒரே மகள் அவள். அவளுடைய அப்பாவை, அவள் அழைப்பதுபோல் நானும் அத்தா என்றுதான் சொல்வேன். அத்தா ஜி.எஸ்.டி. ரோட்டில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அவள் பி.காம். படித்தாள், நான் இன்ஜினியரிங். எங்களுக்கு ஒரே வயது, ஒரே பைத்தியம்.

"அடுத்த ஞாயித்துக்கிழமைடி. மானிட்டர் அவங்களே தராங்களாம், சி.பி.யு. மட்டும் நாம எடுத்துட்டுப் போகணும். பேர் குடுத்துட்டு வந்துட்டேன்."

"யார் பேர?"

"என் பேரத்தான். ஓட்டப்போறது நான்தானே? நீ மெக்கானிக்."

அதில் எனக்கு வருத்தமே இல்லை. நான் ஓட்டினால் முதல் வளைவிலேயே கார் சுவரில் போய் உட்காரும். அவள் ஓட்டினால் பார்க்கிற நமக்கே உடம்பு ஒரு பக்கம் சாயும். கம்ப்யூட்டர் என் படிப்புக்காக அப்பா வாங்கித் தந்தது. உள்ளே இருந்த, திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு மட்டும் எங்கள் இருவருக்கும் பொது. இரண்டு பேரும் காசு போட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வெயிலில் அலைந்து வாங்கி வந்தோம்; நானே சி.பி.யு. கேபினட்டைத் திறந்து பொருத்தினேன். அன்றிலிருந்து நான் மெக்கானிக், அவள் டிரைவர்.

மறுநாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும் பயிற்சியைத் தொடங்கினோம். திரையின் மேல் மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு எண் தெரியும்படி ஒரு சின்ன மென்பொருள் போட்டிருந்தேன். ஒரு நொடிக்குள் கம்ப்யூட்டர் எத்தனை படங்கள் வரைந்து காட்டுகிறது என்பதுதான் அந்த எண். எங்கள் மெஷினில் அது எப்போதும் அறுபதில் நிற்கும். அறுபது என்றால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கார் வழுக்கிக்கொண்டு போகும்.

முதல் சுற்று அருமையாகப் போனது. இரண்டாவது சுற்றில் சுரங்கப்பாதையை விட்டு வெளியே வந்த நேரம், கார் நின்று நின்று போக ஆரம்பித்தது. யாரோ கல்யாண ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டுவதுபோல் இருந்தது. மூலையில் பார்த்தேன். ஒன்பது.

"ஐயோ, என்னடி பண்ணித் தொலச்ச?" என்று கத்தினாள். கார் தடுப்பில் மோதி மல்லாந்தது.

"நான் தொடவே இல்லடி!"

கொஞ்ச நேரத்தில் எண் தானாக அறுபதுக்கு ஏறியது. அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள் மறுபடி ஒன்பது. அதற்கப்புறம் இதே கதை. ஏறும், இறங்கும், அவளைச் சுவரில் கொண்டுபோய் விடும்.

போட்டிக்கு ஒரு வாரம்கூட இல்லை. பயமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எனக்குள் என்னவோ ஜிவ்வென்று கிளம்பியது. எல்லாம் நன்றாக ஓடும்போது மெக்கானிக்குக்கு என்ன வேலை? இப்போதுதான் என் ஆட்டம் ஆரம்பித்திருந்தது.

முதலில் ஆன்டி வைரஸை நிறுத்திப் பார்த்தேன். பிரயோஜனம் இல்லை. கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அதே ஒன்பது. விளையாட்டின் அலங்காரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நிழல் போனது, மரங்கள் போயின, பார்வையாளர் கூட்டம் போனது. ரோடு வெறும் சாம்பல் காகிதமாக நீண்டது.

"கர்ஃபியூ போட்ட ஊர்ல ஓட்டுற மாதிரி இருக்கு" என்றாள் அவள். அந்த வெறிச்சோடிய ரோட்டிலும் சுரங்கம் தாண்டியதும் எண் விழுந்தது.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கார்டுக்கு வேலையே வைக்காதபோதும் தடுமாறுகிறது என்றால் கோளாறு வேறு எங்கோ. ஆனால் அந்தக் கார்டின் மேல்தான் எங்கள் உயிரே இருந்ததால், பயமும் அதைச் சுற்றியேதான் ஓடியது. மறுநாள் கார்டைக் கழற்றி, வாங்கிய டப்பாவிலேயே வைத்து, குரோம்பேட்டையில் ரயிலேறித் தாம்பரத்தில் இருந்த என் வகுப்புத் தோழன் வீட்டுக்கு எடுத்துப் போனோம். கூட்டத்தில் யாரும் இடித்துவிடாமலிருக்க அவள் அந்த டப்பாவைத் துப்பட்டாவுக்குள் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்து, "உள்ள என்னம்மா, பூனக்குட்டியா?" என்று கேட்டார்.

வகுப்புத் தோழனின் மெஷினில் கார்டைப் பொருத்தினோம். அதே விளையாட்டு, அதே ரோடு. சுற்று மேல் சுற்றாக ஓட்டினாள். அறுபது அசையவே இல்லை.

"கார்டு நல்லா இருக்குடி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் வீட்டில் கொடுத்த காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினோம். கார்டு குற்றவாளி இல்லை என்றால் குற்றவாளி எங்கள் வீட்டுக் கேபினட்டுக்குள் இருக்கிறான். வளையம் சுருங்கிவிட்டது. எனக்குக் கை பரபரத்தது.

ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். மாற்றமில்லை. வயர்களை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கினேன். மாற்றமில்லை. வெள்ளிக்கிழமை எனக்குக் கல்லூரி விடுமுறை. காலையில் ஓட்டினோம், மத்தியானம் அவள் வந்ததும் மறுபடி ஓட்டினோம். அப்போதுதான் அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்:

"காலைல மூணு சுத்து வரைக்கும் நல்லாத்தான் போச்சு. இப்போ முதல் சுத்துலயே படுத்துடுச்சு. கவனிச்சியா?"

வெளியே சித்திரை வெயில் தெருத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"சூடு!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சமையலறையில் அம்மாவுக்கு வீசிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து அதன் முகத்துக்கு நேரே வைத்தேன். ஓட்டினாள். முதல் சுற்று அறுபது. இரண்டாவது அறுபது. மூன்றாவதும் அறுபது. நான் நாற்காலி மேல் ஏறிக் குதித்தேன். அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்னடி, ரிசல்ட் வந்துடுச்சா?"

"இல்லம்மா, சூடுதான் பிரச்சனைன்னு கண்டுபுடிச்சுட்டோம்!"

"அத என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. அங்க அடுப்படியில நான் வெந்துட்டு இருக்கேன். ஃபேனக் குடு."

ஃபேனைத் திருப்பிக் கொடுப்பதற்குள்ளேயே, நான்காவது சுற்றின் நடுவில் எண் மறுபடி விழுந்தது. ஃபேன் கோளாறைத் தள்ளிப்போட்டதே தவிரக் குணப்படுத்தவில்லை. ஆனாலும் இப்போது வழி தெரிந்துவிட்டது. பிராசசரின் சூட்டைக் காட்டுகிற ஒரு மென்பொருளை, டெலிபோன் லைனில் நத்தை வேகத்தில், ஒரு சாயங்காலம் முழுக்க இறக்கினேன். சனிக்கிழமை காலை விளையாட்டை ஓடவிட்டுப் பார்த்தால், தண்ணீர் கொதிக்கிற நிலையை எட்டிப் பிடிக்கிற மாதிரி சூடு ஏறிக்கொண்டே போனது. சூடு எல்லை தாண்டினால் பிராசசர் கருகிப்போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அதைத்தான் அது செய்துகொண்டிருந்தது. வேகம் குறையும், படம் தடுமாறும், சூடு இறங்கும், மறுபடி வேகம் எடுக்கும். கல்யாண ஆல்பத்தின் ரகசியம் அதுதான்.

பிராசசரின் தலைமேல் அதன் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுவதற்கு அலுமினியத் தகடுகள் அடுக்கிய ஒரு ஹீட் சிங்க் உண்டு. அதன்மேல் ஒரு குட்டி ஃபேன். ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. தூசியும் இல்லை. சுட்டுவிடுமோ என்று பயந்து பயந்து அந்தத் தகடுகளை ஒரு விரலால் தொட்டேன்.

"என்ன, சுடுதா?"

"இல்லடி. சில்லுனு இருக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரையில் கொதிக்கிறது, கையில் குளிர்கிறது. மென்பொருள் பொய் சொல்கிறதோ என்று சந்தேகப்பட்டேன். இத்தனை நாள் போட்ட கணக்கெல்லாம் தப்போ? அவளும் குனிந்து தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அடுப்பு எரியுது. தோசக்கல்லு சில்லுனு இருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? கல்லு அடுப்பு மேல உக்காரலன்னுதானே?"

மெஷினை அணைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹீட் சிங்குக்கு நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் கால்கள். மதர்போர்டு பலகையில் உள்ள துளைகளுக்குள் அவை இறங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று கால்கள் உள்ளே இருந்தன. சுவரோரமாக இருந்த நான்காவது கால் துளையை விட்டு வெளியே வந்து அந்தரத்தில் நின்றது. ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, பிராசசரைப் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தது.

"வெள்ளையடிச்சப்போ!" என்றாள் அவள்.

ஆமாம். போன வாரம் ஹாலுக்கு வெள்ளையடித்தபோது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கேபினட்டை மாடிக்கு ஏற்றி, இரண்டு நாள் கழித்து இறக்கினோம். இறக்கும்போது படி வளைவில் சுவரில் நங்கென்று இடித்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பழைய பசை காய்ந்து போயிருந்தது. பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் சூடு கடத்தத் தடவுகிற அந்த வெள்ளைப் பசை ராதா நகரில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பழையதைத் துடைத்தெடுத்து, புதியதைக் கடுகளவு வைத்து, ஹீட் சிங்கை நேராக உட்காரவைத்தேன். பிளாஸ்டிக் காலை அழுத்தினால் மதர்போர்டே வளைகிறது. முறிந்துவிடுமோ என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

டிக். டிக். டிக். கடைசிக் காலுக்கு இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினேன். டிக்!

பிறகு அவள் ஓட்டினாள். சுரங்கம் வந்தது, போனது. அறுபது. நிழல், மரம், பார்வையாளர்கள் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தோம். அறுபது. மத்தியான வெயில், ஃபேன் கிடையாது, கேபினட்டின் கதவும் மூடியாகிவிட்டது. ஆனாலும் அறுபது. தகடுகளைத் தொட்டுப் பார்த்தபோது நன்றாக வெதுவெதுவென்று இருந்தன. அந்தச் சூடு எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் கேபினட்டின் அடியில் தலையணை வைத்து, எங்கள் இருவர் மடியிலும் கிடத்தினோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னாம்மா அது, டிவியா?"

"கம்ப்யூட்டர்ண்ணா. கொஞ்சம் குலுங்காமப் போங்கண்ணா."

"இந்த ரோட்ல குலுங்காம போவணும்னா நான் பறந்துகினுதான் போவணும்" என்றார். ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்தார்.

பிரவுசிங் சென்டரில் கால் வைக்க இடமில்லை. நாங்கள் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும் ஒரு மூலையிலிருந்து, "டேய், பொண்ணுங்க வந்துகீறாங்கடா" என்று குரல் வந்தது. போட்டி நடத்திய அண்ணா எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஓட்டுற தம்பி வரலையா?"

"நான்தாண்ணா ஓட்டுறேன்" என்றாள் அவள், முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு.

இருவர் இருவராகப் போட்டி. முதலில் வந்தவனை அவள் ஊதித் தள்ளினாள். அடுத்தவன் கொஞ்சம் திணறடித்தான். இறுதிச் சுற்றுக்கு எதிரே உட்கார்ந்தவன் சொந்தமாக ஸ்டியரிங்கே கொண்டுவந்திருந்தான். கூட்டம் அவனைச் சாம்பியன் என்றுதான் கூப்பிட்டது. அறையில் ஏ.சி. ஓடியது என்று சொன்னார்கள். அத்தனை பேர் மூச்சில் அது எங்கே போனதோ தெரியவில்லை. அந்தப் புழுக்கத்தில் எனக்கு ஒரே ஒரு கவலை. அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூலையில் இருந்த மஞ்சள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது. அறுபது. ஐம்பத்தெட்டு. என் உயிர் போய் வந்தது. அறுபது. சுற்றிலும் விசில் பறந்தது. யாரோ என் காலை மிதித்தார்கள். நான் கண்ணை எடுக்கவில்லை.

திடீரென்று அறையே அதிர்ந்தது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து திரும்பினாள்.

"பாத்தியாடி?"

"பாத்தேன்டி! அறுபது! ஒரு தடவகூடப் படுக்கல!"

"லூசு! நான் ஜெயிச்சுட்டேன்டி!"

அப்போதுதான் திரையின் நடுவைப் பார்த்தேன். அவள் கார் கோட்டைத் தாண்டி நின்றது. அவன் கார் அதன் வாலை ஒட்டிக்கொண்டு நின்றது. சாம்பியன் எழுந்து வந்து அவளுக்குக் கை கொடுக்கலாமா என்று யோசித்து, கடைசியில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"செம ஸ்மூத்தா ஓடுதே. உள்ள இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நாலு காலும் நேரா இருக்கு" என்றேன். அவன் முழித்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரும்பும் வழியில் ஆட்டோவை அவளுடைய அத்தாவின் கடைக்கு விடச் சொன்னோம். எங்களை, பரிசாகக் கிடைத்த சின்னக் கோப்பையை, மடியில் இருந்த கேபினட்டை எல்லாம் அவர் மாறி மாறிப் பார்த்தார். அவள் மூச்சுவிடாமல் சுரங்கத்தையும் கடைசி வளைவையும் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கிளட்ச் பிளேட் வாங்க வந்து நின்றவரிடம் திரும்பினார்.

"என் பொண்ணு. ரேஸ்ல ஃபர்ஸ்ட்டு" என்றார்.

"அப்படியா பாய்! என்ன வண்டி?" என்று வந்தவர் கேட்டார்.

அத்தா எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தோம்.