ஸ்டெல்லாவுக்கு வந்த ஹார்லிக்ஸ்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். நான் சாட்சி சொல்ல வந்திருப்பது என் பூனைக்காக.

போன மழைக்காலத்தில் ஸ்டெல்லாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தெருப்பூனையோடு சண்டை போட்டு வந்த காயம் ஆறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவள் மீனைக்கூடத் தொடவில்லை. என் தலையணையில் கால் நீட்டிப் படுக்கிறவள், கட்டிலுக்கு அடியில் கழுத்தை நீட்டிக் குந்தியே இருந்தாள். வயிறு வேகவேகமாக ஏறி இறங்கியது. மருந்துக்கடையில் கேட்டால், "சளியா இருக்கும், தானா போயிடும்" என்றார்கள். நான் தரையில் படுத்து அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அடுத்த மூச்சு வருகிறவரை எனக்கும் மூச்சு வராது.

துறைமுகத்திலிருந்து அவளைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். பெயர் வைத்தவரும் அவர்தான். அவர் கர்த்தரிடம் போன பிறகு, ராயபுரம் வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் ஸ்டெல்லாவும் விம்கோ நகருக்கு வந்தோம். "ஆண்டவரே, இவளையும் எடுத்துக்காதீங்க. வூட்ல நான் பேச வேற யாரு கீறாங்க?" என்று அழுதேன்.

வியாழக்கிழமை சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டேன்: "ஸ்டெல்லாவுக்கு மூச்சுத்திணறல். ஜெபித்துக்கொள்ளுங்கள்." ராயபுரத்தில் ஸ்டெல்லா யார் என்று தெருவுக்கே தெரியும். இது புதுச் சபை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் உபவாச ஜெபத்துக்கு நான் போகவில்லை. அவளை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஜெபம் முடிந்த மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். சபையில் எனக்கு முன்வரிசையில் உட்காரும் கிரேஸ் சிஸ்டரும், ஆட்டோ ஓட்டும் அவர் வீட்டுக்காரரும். சிஸ்டர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி.

"பொண்ணு எங்கக்கா?"

கட்டிலுக்கு அடியில் காட்டினேன். சிஸ்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னாக்கா, பூனையக் காட்டுற?"

"இதாம்மா ஸ்டெல்லா."

"அட கர்த்தாவே! பூனைக்கா நான் காலைலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படாம கீறேன்?"

அவர் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு மானமே போய்விட்டது. ஆனால் சிஸ்டர் எழுந்து போகவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு இன்னும் உள்ளே குனிந்தார்.

"ஐயோ அக்கா, வாயத் தொறந்துல்ல மூச்சு வுடுது! எம் புள்ளைக்கு இழுப்பு வந்தப்போ இப்டித்தான் குந்திகினே இருந்தான். படுத்தா மூச்சு வராது. ஏந்திரு, வண்டில ஏறு!"

கண்டெய்னர் லாரிகள் அடைத்து நின்ற ரோட்டில் அந்த ஆட்டோ எப்படிப் புகுந்து போனதோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். வழியெல்லாம் சிஸ்டர் சத்தம் போட்டு ஜெபித்தார். "ஸ்டெல்லாவத் தொடுங்கப்பா" என்று பெயரைச் சொல்லியே ஜெபித்தார். மிருக ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சுக்குள்ளே நுரையீரலைச் சுற்றிக் கட்டியிருந்த சீழை ஊசியால் எடுத்தார். பழைய காயத்தின் விஷம். "வாயைத் திறந்து மூச்சுவிட்டால் இனிமேல் ஒரு நிமிஷமும் காத்திருக்காதீங்க. இன்னைக்கு விட்டிருந்தா போயிருக்கும்" என்றார். தேவன் என் ஜெபத்துக்கு ஆட்டோவையே அனுப்பியிருக்கிறார்!

ஸ்டெல்லா பிழைத்தாள். டாக்டர் சொன்னபடி, அவள் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதைத் தினமும் பார்க்கிறேன். வேகம் கூடினால் உடனே வரச் சொல்லியிருக்கிறார். இப்போது அது நிதானமாக ஏறுகிறது, இறங்குகிறது. நான் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

பிரியமானவர்களே, இது சின்ன விஷயம், சபையில் சொன்னால் சிரிப்பார்கள் என்று எதையும் உள்ளே வைத்துப் புழுங்காதீர்கள். சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும், கூடவே குனிந்து பார்க்கவும் ஒருவரை அவர் அனுப்புவார்.

அன்றைக்கு ஹார்லிக்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். சிஸ்டர் வாங்கவில்லை.

"நீ குடி அக்கா. நீயுந்தான் மூச்சு வுடாம கீற."