அப்பச்சியிடம் சவரிமுத்து சொன்னது

வகுப்பில் மாணவர்களின் பிரெஞ்சுக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது பியூன் ஒரு தந்தியை நீட்டினார். புதுச்சேரியில் சவரிமுத்து மாரடைப்பால் காலமாகிவிட்டான். இந்த அஞ்சலியில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை, கை வரவில்லை. அவனுடைய சொந்த ஊரான ஆவூர்க்காரர்களும், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன காகிதங்களை அவனோடு உட்கார்ந்து தமிழாக்கிய அலுவலக நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் நாங்கள் இருவரும் பிரெஞ்சு எம்.ஏ. படித்தோம். திருமயம் பக்கத்து வியாபாரி வீட்டுப் பிள்ளை இதைப் படித்து யாரிடம் என்ன விற்கப்போகிறான் என்று எங்கள் வீட்டில் கேட்டார்கள். தேர்வில் எனக்கு முதலிடம், அவனுக்கு மூன்றாமிடம். ஆனால் ஒருவர் பேசப் பேச மொழிபெயர்த்துச் சொல்வதில் அவனை யாரும் நெருங்க முடியாது. "நம்ம வாய் வாடகைக்கு விட்ட வீடுடா. குடியிருக்கவன் பேசுறதைத் திருத்த நமக்கு உரிமையில்ல" என்பான். பேசுகிறவர் 'நான்' என்றால் அவனும் 'நான்' என்றே சொல்வான். எனக்கு அது நாடகமாகப் பட்டது, கேலி செய்திருக்கிறேன்.

படிப்பு முடிந்த கோடையில், சர்க்கரை நோயால், நாங்கள் அப்பச்சி என்றழைக்கும் என் அப்பாவுக்கு வலது பாதம் கறுத்துப்போனது. அன்னவாசல் பக்கம் கன்னியர்கள் நடத்திய மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டரம்மா பிரான்சிலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தமிழ் வராது. அவர் சொல்வதை நான்தான் அப்பச்சிக்குச் சொல்ல வேண்டும். பார்க்க வந்திருந்த சவரிமுத்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

டாக்டரம்மா தெளிவாகவே சொன்னார்: சாயங்காலத்துக்குள் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இல்லையென்றால் பிழைக்க மாட்டார். அப்பச்சி என் முகத்தையே பார்த்தார். காலை எடுத்தால் உயிரோடு இருக்க மாட்டேன் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். ஆத்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"மருந்து வச்சுப் பாப்போங்கிறாக, அப்பச்சி" என்றேன்.

சவரிமுத்து என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் கட்டிலைச் சுற்றி வந்து, என்னை ஒதுக்கிவிட்டு நின்றான்.

"ஐயா, டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள ஒங்க காலை நான் எடுக்கணும். எடுக்கலைன்னா நீங்க பொழைக்க மாட்டீங்க."

அப்பச்சி கத்தினார். டாக்டரம்மாவைப் பாவி, கசாப்புக்காரி என்றெல்லாம் திட்டினார். அவன் ஒரு வசவு விடாமல் பிரெஞ்சில் சொன்னான். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்தது. பிறகு மெதுவாகப் பேசினார்.

"நாளன்னைக்கும் நீங்க என்னைத் திட்டணும். அதுக்குத்தான் எடுக்கிறேன்" என்றான் சவரிமுத்து.

அப்பச்சி போர்வையை விலக்கிக் கறுத்த பாதத்தைப் பார்த்தார். கடைசியில், "எடுக்கச் சொல்லுங்க தம்பி" என்றார்.

கட்டையூன்றி நடக்கத் தொடங்கியபோது அவனிடம் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். "ஏன் தம்பி, இவன் எதுக்கு அன்னைக்கு மாத்திச் சொன்னான்?"

"அவனுக்குப் பிரெஞ்சு இன்னும் பத்தலைங்க ஐயா" என்றான் சவரிமுத்து, கண் இமைக்காமல்.

அப்பச்சி நம்பிவிட்டார். மேலும் ஐந்து வருடம் கடையை நடத்தி, வருவோர் போவோரிடமெல்லாம் "பிரெஞ்சு தெரியாத பிரெஞ்சு வாத்தியாரு" என்று என்னைக் காட்டிச் சிரித்துவிட்டுத்தான் போனார். நானும் கூடச் சிரித்தேன். சவரிமுத்துவிடம் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை, நன்றியும் சொல்லவில்லை. வெட்கம்தான்.

பிறர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னவன் என்று அவனை நீங்கள் எல்லோரும் புகழ்வீர்கள். புகழத்தான் வேண்டும். எனக்காக அவன் சொன்ன ஒரு பொய் மட்டும் என்னிடம் இருக்கிறது. அவனிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். அப்பச்சியிடம் சொல்லாததை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்: அன்று அந்த அம்மா பேசியது முழுவதும் எனக்குப் புரிந்தது.