மாமா கடைக் கரப்பான் மருந்து

என் அம்மாவுக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. பால்காரர் தண்ணீர் ஊற்றுகிறார், கேஸ்காரர் பாதி கேஸை எடுத்துவிட்டு சிலிண்டரைத் தருகிறார் என்பாள். அத்தையின் கணவரான மாமா, தன் கடையில் விற்கும் கரப்பான் மருந்தில் கலப்படம் செய்கிறார் என்று அவள் முடிவுகட்டியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆம்பூரில் எங்கள் தெருப் பெண்கள் பலரைப்போல அம்மாவும் கம்பெனி ஷூக்களின் மேல்பாகத்தை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பாள். தைத்ததை வாங்க வந்த சூப்பர்வைசர் முன்னால், மூட்டையிலிருந்து ஒரு பழுப்புக் கரப்பான் இறங்கி நிதானமாக நடந்துபோனது.

"இன்னொரு வாட்டி பாத்தா வேலை வேற வூட்டுக்குப் போய்டும்க்கா" என்று சொல்லிவிட்டு அவர் போனார். வாரம் தவறாமல் மாமா கடை மருந்தை மூலை முடுக்கெல்லாம் அடித்துக்கொண்டிருந்த வீடு எங்களுடையது.

அன்று சாயங்காலமே ஒரு கரப்பானைப் பாட்டிலில் பிடித்து, என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

"இத்த சாவடிங்கண்ணா, பாக்கலாம்."

மாமா அடித்தார். அது கொஞ்சம் தள்ளாடியது. பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு நடந்தது. மாமாவின் முகம் சுருங்கியது. கடைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டிலிருந்து அதே மாதிரி ஒன்றைப் பிடித்துவந்து, அதே டப்பாவால் அடித்தார். அது உடனே மல்லாந்தது.

"மருந்து நல்லாத்தாம்மா கீது."

"உங்க வூட்டுப் பூச்சி மட்டும் எப்படி சாவுது? வூட்ல இன்னா மருந்து அடிக்கிறீங்க?"

"உன் நாத்தனாருக்கு மூச்சிரைப்பு. வூட்ல மருந்தே அடிக்கிறதில்ல."

தான் விற்கிற மருந்தைத் தன் வீட்டில் தொடாத மனிதர். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. டப்பாவை மாற்றியிருப்பார் என்று நானும் நம்பினேன்.

மறுநாள் சீல் பிரிக்காத டப்பா ஒன்றை மாமா சும்மாவே கொடுத்தனுப்பினார். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடினாள். அடித்ததும் கரப்பான்கள் பழையபடி நடந்தன. சீல் போட்டே ஏமாற்றுகிறார் என்றாள். தையல் வேலை பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று. அத்தை வீட்டுக்குப் போக்குவரத்து நின்றது. அத்தையின் மடியில் படுத்துக் கதை கேட்பதும் எனக்கு இல்லாமல் போனது. அது இன்றும் வலிக்கிறது.

மருந்துக்குச் சாகக்கூடியவை எங்கள் வீட்டில் எப்போதோ செத்துவிட்டன, தப்பியவையும் அவற்றின் பிள்ளைகளும்தான் மிச்சம் என்பது எனக்கு அப்போது தெரியாது. வாரம் தவறாமல் மருந்தடித்து, அந்தச் சாகாத குடும்பத்தைப் பொறுக்கி வளர்த்தவள் அம்மாதான்.

போன மாதம் இதை அவளிடம் பொறுமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டாள்.

"இத்த உங்க மாமா சொல்லி அனுப்பினாரா?" என்றாள்.