மானிட்டரை அணைத்த அண்ணாச்சி

மானிட்டர் பொத்தானுக்கு ஒரு சத்தம் உண்டு. கண் உள்ளவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எங்கள் லாட்ஜ் ரிசப்ஷனில் இருந்தது பழைய மானிட்டர், அமுக்கினால் ‘டொக்’ என்று கேட்கும். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மாதங்களில் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் யு.பி.எஸ். பேட்டரியோ கிழடு. கரண்ட் போனதும் மேனேஜர் அண்ணாச்சி செய்கிற முதல் வேலை மானிட்டரை அணைப்பதுதான். “வெளிச்சந்தான் பேட்டரியத் திங்குது. நம்ம புள்ளைக்குத்தான் அது வேண்டாமே, அவ பாட்டுக்கு வேலை பாக்கட்டும்” என்பார். மற்றவர்கள் டார்ச் தேடிக்கொண்டிருக்க, நான் ஸ்பீக்கர் சொல்வதைக் கேட்டபடி தட்டிக்கொண்டிருப்பேன். அந்த நேரங்களில் எனக்குக் கொஞ்சம் திமிர் வரும். இன்றும் வரும்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஊர் வடகரை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கினேன். பட்டத்தைப் பாராட்டியவர்கள் யாரும் வேலை தரவில்லை. கடைசியில் அந்த லாட்ஜில் போனில் வரும் புக்கிங்கைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. அண்ணாச்சி கடையத்துக்காரர், பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அன்பாகப் பேசவே தெரியாது. காபி ஆறியிருந்தால் தெரு வரைக்கும் கேட்கும்படி கத்துவார். என்னிடமும் அப்படித்தான் கத்துவார், அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும். மற்றவர்கள் என்னிடம் காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல் பேசுவார்கள்.

ஒரு சீசன் தொடங்கும்போது முதலாளி புது வெப்சைட் போட்டார். போனில் வருகிற புக்கிங்கையும் இனி அதில்தான் ஏற்ற வேண்டும். பழைய புக்கிங் மென்பொருளில் ஒவ்வொரு கட்டத்துக்குப் போகும்போதும் ‘பெயர்’, ‘தேதி’ என்று குரல் சொல்லும். இதிலோ ‘கட்டம், கட்டம், கட்டம்’ என்று மட்டும் சொன்னது. எது எந்தக் கட்டம் என்று அண்ணாச்சியைப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்து சமாளித்தேன்.

அப்போதுதான் சார்ஜாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். எங்கள் பக்கத்து ஆள். மனைவியும் பிள்ளைகளும் வருகிறார்கள், ஒரு ரூம் வேண்டும் என்றார். எல்லாவற்றையும் ஏற்றிப் பதிவுப் பொத்தானை அமுக்கினேன். குரல் ஒன்றும் சொல்லவில்லை. தப்பு இருந்தால் சொல்லியிருக்குமே என்று இருந்துவிட்டேன். உண்மையில் அவருடைய வளைகுடா எண்ணில் பத்து இலக்கம் இல்லையென்று அந்தப் படிவம் ஏற்க மறுத்திருக்கிறது. மறுத்ததை வாய் திறந்து சொல்லாமல், கட்டத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறது. இந்த வெப்சைட்டைச் செய்தவர் தென்காசிக்காரர்தான். அவருடைய சொந்த மச்சானே துபாயில் இருக்கிறார்!

அந்தக் குடும்பம் மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றபோது லாட்ஜில் ஒரு ரூம்கூடக் காலியில்லை. அந்த அம்மா திட்டவில்லை. “எங்க வீட்டுக்காரர்ட்ட போன்ல நீங்கதானம்மா பேசுனீங்க?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் சுடுகிறது.

மறுநாள் முதலாளி வெப்சைட் செய்தவரையும் வரச் சொல்லியிருந்தார். “கண்ணு தெரியாத புள்ளய இதுல உக்கார வச்சது நம்ம தப்பு. கணக்க முடிச்சு வீட்டுக்கு அனுப்பிரும்” என்று அண்ணாச்சியிடம் சொன்னார், நான் அங்கேயே இருக்கும்போது. வெப்சைட்காரர் சேர்ந்துகொண்டார். “செவப்பு காட்டும் சார், பாத்துத் திருத்தணும். இவங்களுக்காக எதுக்கு மாத்தணும்? கண்ணு தெரியாதவங்க யாரு அருவி பாக்க வரப் போறா?”

எனக்குப் பொறுக்கவில்லை. “அருவியப் பாக்கவா வாராவ? குளிக்கல்லா வாராவ! தண்ணி தலையில விழும்போது எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுத்தான் நிக்காவ” என்றேன். வேலை போனால் போகட்டும் என்று வந்துவிட்டது.

‘டொக்’ என்று கேட்டது.

“தம்பி, கரண்ட் போயிட்டுன்னு வச்சுக்கோ. இப்ப நீ ஒரு ரூம் போடு பாப்போம்” என்றார் அண்ணாச்சி.

வெப்சைட்காரர் தட்டினார். கட்டம், கட்டம் என்றது ஸ்பீக்கர். தான் செய்த படிவத்திலேயே முன்னும் பின்னும் அலைந்து, கடைசியில் பொத்தானை அமுக்கினார். குரல் ஒன்றும் சொல்லவில்லை.

“ஆயிட்டா?”

“ஆயிருக்கும்.”

“ஏலே, ஆயிருக்குமா, ஆயிட்டா?” அண்ணாச்சி மானிட்டரைப் போட்டார். முதலாளியே குனிந்து வாசித்தார், தேதியிலும் போன் நம்பரிலும் சிவப்பு. “இப்ப யார வீட்டுக்கு அனுப்பணும், மொதலாளி?”

பதிலுக்குக் காத்திராமல் நான் சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு கட்டமும் தன் பெயரைச் சொல்ல வேண்டும். தப்பு என்றால் எந்தக் கட்டத்தில், எப்படித் திருத்துவது என்று வார்த்தையில் சொல்லி, அந்தக் கட்டத்துக்கே கொண்டுபோய் விட வேண்டும். பதிவானால் பதிவாயிற்று என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு எண்ணை ஏற்க வேண்டும். எதையும் கெஞ்சிக் கேட்கவில்லை. “சொல்லுதத எழுதிக்கோங்க” என்றார் முதலாளி. என் வேலை தப்பியது. வெப்சைட்காரர் மாற்றிக் கொடுத்ததில் பாதி சரியில்லை என்பதால் மீதியை நானே எழுதக் கற்றுக்கொண்டேன். இப்படி வாய் திறந்து பேசுகிற படிவங்கள் செய்வதே என் தொழிலாகிவிட்டது.

அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் கத்தல் கேட்காத அந்த ரிசப்ஷனுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. தென்காசியில் எனக்கென்று ஒரு சின்ன அலுவலகம் இருக்கிறது. போன வாரம் ஒரு கல்லூரிக்காரர் அட்மிஷன் படிவம் கேட்டு வந்தார். நான் செலவழிக்கிற நேரத்தைப் பார்த்து, “எங்க காலேஜுக்கு அந்த மாதிரி ஆளுங்க வர மாட்டாங்க மேடம், சீக்கிரம் முடிச்சுக் குடுங்க” என்றார். அவர்களுடைய பழைய படிவத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். கையை நீட்டி மானிட்டர் பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்தேன். இந்தக் காலத்து மானிட்டருக்குச் சத்தமே இல்லை.

“மேடம், ஸ்க்ரீன் போயிட்டு.”

“கரண்ட் போயிட்டுன்னு வச்சுக்கோங்க. இப்ப ஒரு அட்மிஷன் போடுங்க, பாப்போம்.”