மூன்றாவது மைக்

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, இருபத்திரண்டு வருஷமாக மைக் செட் வைக்கிறவன் நான். ஆனால் மைக்கில் “அலோ, செக், ஒன் டூ த்ரீ” என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்கு என் வீட்டுக் கதையை உங்கள் முன்னால் சொல்ல வந்திருக்கிறேன். என்னைப் பற்றி நல்லதாக எதுவும் இதில் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. என் மனைவி சலோமி அடுப்பில் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். ‘டங்’கென்று ஒரு சத்தம். உள்ளே ஓடினால் கரண்டி தரையில் கிடக்கிறது. அவளுடைய வலது கை துவண்டு தொங்குகிறது, வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. என்னைப் பார்த்து எதையோ சொல்ல வருகிறாள். “ஆ... ஆ...” என்பதற்கு மேல் வரவில்லை.

திண்டிவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்து ஆம்புலன்சில் விழுப்புரம். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் பிழைத்தாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பத்து நாளில் காலை ஊன்றினாள். கையும் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது. பேச்சு மட்டும் வரவே இல்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. தண்ணீர் வேண்டுமென்றாலும் “ஆ”, வேண்டாமென்றாலும் “ஆ”. அதைச் சொல்லிவிட்டு அவளே கண் கலங்குவாள். மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். அந்த ஊரிலேயே அதிகமாகப் பேசுகிறவள் அவள்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களின் வீட்டுக் கதையெல்லாம் இறங்குவதற்குள் கேட்டு வைத்துவிடுவாள்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பாரம் ஒன்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்குப் பாட்டு என்றாலே ஆகாது. பாடினால் சந்தோஷம், கேட்டால் சந்தோஷம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குத் தலைவலிதான். கல்யாண வீடு, காதுகுத்து, திருவிழா, சாவு வீடு என்று எத்தனை பாட்டு! பாட்டில் எனக்குக் கேட்டதெல்லாம் கரகரப்பும் விசிலும் சுருதி விலகலும்தான். என் காதைப் பற்றி எனக்கு அவ்வளவு திமிர்.

சலோமிக்கோ பாட்டுதான் மூச்சு. ஆனால், சொல்லத்தான் வேண்டும், சுருதி என்பது அவளுக்குக் கிடையாது. இறங்க வேண்டிய இடத்தில் ஏறுவாள், ஏறி நின்றதும் குரல் உடையும். உடைந்தால் என்ன? சிரித்துக்கொண்டே அடுத்த அடிக்குப் போய்விடுவாள். எங்கள் சபையில் நாலு மைக். மூன்றாவது மைக்கில் அவள். ஜெபக்கூடத்தின் மேலே கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரில் தன் குரல் தெருக்கோடி வரைக்கும் போகிறது, உடம்பு முடியாமல் வீட்டில் கிடப்பவர்கள் அதைக் கேட்டு ஆறுதல் அடைகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

சபையில் மிக்சரைப் பார்த்துக்கொள்வது நான். மிக்சரில் மைக்குக்கு ஒரு பட்டன். மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். மூன்று வருஷமாக, ஒவ்வொரு ஞாயிறும் பாட்டு ஆரம்பிக்கும்போது மூன்றாவது பட்டனை அடிவரைக்கும் இழுத்து வைத்துவிடுவேன். அவள் பாடி முடித்ததும் பழையபடி ஏற்றிவிடுவேன். மூன்று வருஷம் அவள் செத்த மைக்கில் பாடினாள். பக்கத்தில் பாடுகிறவர்களின் குரலும் கீபோர்டும் சேர்ந்து கேட்டதால் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஜூலைக்கு முந்தின பிப்ரவரியில் அறுப்பின் பண்டிகை. கொல்லை நிலத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டே அவளாகக் கட்டிய பாட்டு ஒன்று உண்டு. அதைத் தனியாகப் பாட பாஸ்டரிடம் அனுமதி வாங்கியிருந்தாள். புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்றைக்கும் பட்டனை இறக்கினேன். சுத்தமாக இறக்கினால் தெரிந்துவிடுமே என்று, உள்ளே சின்ன ஸ்பீக்கரில் மட்டும் லேசாக விட்டு, குழாய் ஸ்பீக்கருக்குப் போவதை நிறுத்திவிட்டு, வெளியே போய் டீ குடித்தேன்.

என் அண்ணி ரூத்து கால் உடைந்து அப்போது வீட்டில் கட்டிலில் இருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் சலோமி முதல் வேலையாக அங்கேதான் ஓடினாள்.

“அக்கா, என் பாட்டு கேட்டுச்சா?”

“இன்னா பாட்டுடி? பாஸ்டரு ஜெபம் கேட்டுச்சி, கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல, அப்புறம் மறுபடி பாஸ்டரு. கரண்டு போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

திரும்பி வந்தாள். நேராக மிக்சர் அருகில் நின்றாள். பட்டனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“எத்தினி நாளா மாமா?”

அப்போதாவது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டாமா? “மூணு வருஷமா” என்றேன். “உன் சுருதி சபைக்கே பேஜாரு. ஊரே சிரிக்கறதுக்கு முன்னாடி நான் மூடி வச்சேன், அதுக்கு நீ எனக்கு தேங்க்ஸ் சொல்லணும்” என்றேன்.

அன்றோடு அவள் பாட்டை நிறுத்தினாள். சபையில் மட்டுமில்லை, அடுப்பங்கரையில், கொல்லையில், துணி துவைக்கிற இடத்தில், எங்கேயும் பாட்டு இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. ஐந்து மாதம் அப்படியே போயிற்று. அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, “சலோமி, நான் செஞ்சது பாவம். என்னை மன்னிப்பியா?” என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஐயோ, அந்த முதுகைப் பார்த்தபோது நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும். அவள் வாயை நான் முதலில் மூடினேன், மிச்சத்தை வியாதி மூடிவிட்டது என்று தோன்றியது.

மத்தியானம் வராந்தாவில் ஜனங்கள் சாப்பாட்டுத் தூக்கோடு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க, நடுவில் முழங்கால் போட்டேன். ஜெபம் பண்ணத் தெரியவில்லை. “ஆண்டவரே, என் காதை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. அவ வாயைத் திறங்க. அவ என்னைத் திட்டறதுக்காகவாவது திறங்க” என்று அழுதேன். தினமும் அதே ஜெபம்தான், அதே இடத்தில்தான்.

ஒரு வாரம் கழித்துப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் என்னைக் கூப்பிட்டார்கள்.

“உங்க வீட்டம்மா பாடுவாங்களா?”

“பாடுவா மேடம். இப்ப நிறுத்திட்டா.”

“ஏன்?”

“நான்தான் நிறுத்தினேன்.”

மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: “சில பேருக்குப் பேச்சு போனாலும் பாட்டு போகாது. அவங்களுக்கு ரொம்பப் பழகின பாட்டு எதுவோ, அதைப் பக்கத்துல உக்காந்து மெதுவா பாடுங்க. தினமும் பாடுங்க. வரும்னு நான் உறுதி சொல்ல முடியாது. ஆனா பாடிப் பாருங்க.”

அவளுக்குப் பழகின பாட்டு எது? மல்லாட்டைப் பாட்டுதான். அது எனக்குத் தெரியுமா? தெரியாது! நான் டீக்கடையில் அல்லவா நின்றேன். பெண்டாட்டி கட்டிய பாட்டில் ஒரு அடி கூடத் தெரியாத மைக் செட்காரன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

ஆவணியில் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். மறுநாள் காலையிலேயே கொல்லைக்குப் போனேன். அண்ணிக்குக் கால் சரியாகி, மற்றப் பெண்களோடு களை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணி, சலோமி பாட்ட எனக்குச் சொல்லிக் குடுங்க.”

அண்ணி களைக்கொட்டைக் கீழே வைத்தார்கள். “இன்னா தம்பி, மழை கிழை வரப்போவுதா? நீ பாட்டு கேக்கற?” என்றார்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்கள். உடனே பாட ஆரம்பித்தார்கள்.

“மண்ணுக்குள்ள காய்ச்சிருக்கும் மல்லாட்டைய அறிஞ்சவரே
மனசுக்குள்ள மூடி வச்ச பாரத்தையும் அறிஞ்சவரே
செடியப் புடிச்சி இழுக்கையில கொத்தாக வந்தது போல
என் கையப் புடிச்சித் தூக்கிவிடக் கர்த்தரே நீங்க வந்தீங்களே”

‘அறிஞ்சவரே’ வந்ததும் அண்ணி, கூட இருந்த பெண்கள் எல்லாரும் இறங்க வேண்டிய இடத்தில் ஏறினார்கள். குரல் உடைந்தது. சலோமி ஏறுகிற அதே ஏற்றம்.

“அண்ணி, அந்த இடத்துல இறங்கணும்.”

“உனக்கு எறங்கும். எங்களுக்கு ஏறும். நீ மைக்க அமுக்கினா பாட்டு நின்னுடுமா? வருஷக்கணக்கா அவ பாடித்தான் நாங்க வெயில்ல குனிஞ்சிக்கினு இருந்தோம். இடுப்பு வலிக்குதுன்னு யாராவது சொன்னா ஒடனே அந்த ஏத்தத்த ஏத்துவா. சிரிச்சிக்கினே அடுத்த பாத்திக்குப் போயிடுவோம். அவ மாதிரியே பாடு தம்பி. உன்னை மாதிரி பாடாத.”

நான் கேட்டேனா? என் புத்தி எங்கே போகும்? வீட்டுக்கு வந்து சலோமி எதிரில் உட்கார்ந்து, சுருதி சேர்த்து, அழகாக, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிப் பாடினேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒன்பது நாள். யாரோ வேற்று ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். “இவ்ளோ பாடறேன், வாயத் திறக்க மாட்டியா?” என்று நோயாளியிடமே எரிந்து விழுந்துவிட்டு, வெளியே போய் என்னையே அறைந்துகொண்டேன்.

பத்தாம் நாள் காலை. ஜெபம் பண்ணிவிட்டு உட்கார்ந்தேன். அண்ணி சொன்னது ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்துத் திமிரைக் கழற்றி வைத்துவிட்டு, “மல்லாட்டைய அறிஞ்சவரே” என்று வேண்டுமென்றே ஏறினேன். ஏறிய இடத்தில் என் குரல் உடைந்தது. கழுத்தைப் பிடித்த சேவல் மாதிரி ஒரு சத்தம்.

சலோமி சிரித்தாள். ஒரு பக்க வாயால் சிரித்தாள். நான் விடாமல் மறுபடியும் ஏறினேன். அவள் உதடு கூடவே அசைந்தது. மூன்றாவது தடவை அவளிடமிருந்து வந்தது.

“அறி... ஞ்ச... வரே...”

ஏற்றம் என் ஏற்றத்தைவிட மோசம். என் ஆயுசில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை, அவ்வளவு அழகு! தரையில் விழுந்து அழுதேன். அவள் நிறுத்தவில்லை. நாலு அடியையும் வார்த்தை வார்த்தையாகப் பாடி முடித்தாள். அன்றிலிருந்து பாட்டு வழியாகத்தான் பேச்சு வந்தது. ‘தண்ணி குடு’ என்பதைக்கூட அந்த ராகத்தில்தான் கேட்பாள். கொஞ்ச நாளில் ராகம் போய் வார்த்தை மட்டும் நின்றது. மூளையில் பாட்டுக்கு வேறு பாதை இருக்கிறது என்று மேடம் விளக்கினார்கள். இருக்கட்டும். அந்தப் பாதையைப் போட்டு வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

கார்த்திகை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக்கு வந்தாள். அண்ணி வரவில்லை. “நான் வூட்லியே குந்திக்கினு கேக்கறேன். இந்த வாட்டி உன்னை நம்ப மாட்டேன் தம்பி” என்று சொல்லிவிட்டார்கள். சலோமி தடியை ஊன்றி முதலில் மிக்சரிடம்தான் வந்தாள். இடது கையால் மூன்றாவது பட்டனை மேலே, மேலே, கடைசி வரைக்கும் தள்ளினாள். விசில் அடிக்கப்போகிறதே என்று பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன்.

“தொடாத மாமா” என்றாள்.

சபையே சிரித்துவிட்டது. அவள் போய் மைக்கைப் பிடித்தாள். இரண்டு அடி பாடினாள். மூன்றாவது அடியில் வார்த்தை சிக்கிக்கொண்டது. கண்ணை மூடி நிற்கிறாள், வரவில்லை. நான் எழுந்தேன். அவள் பக்கத்தில் போய் நின்று, அதே மைக்கில், ஊரறிய, முதல் அடியிலிருந்தே தப்பாக ஏறிப் பாடினேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கூட ஏறினாள். ஸ்பீக்கர் விசில் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன்.

ஆராதனை முடிவதற்குள் அண்ணி வாசலில் வந்து நின்றார்கள், முகமெல்லாம் கண்ணீர். “கேட்டுச்சிடி! தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சி! எவ்ளோ கேவலமா பாடறீங்க ரெண்டு பேரும்!” என்று சலோமியைக் கட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் கேட்டேன். “சலோமி, என்னை மன்னிச்சிட்டியா?”

அவள் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னாள். “அன்னிக்கே... ஆஸ்பத்திரில... மன்னிச்சிட்டேன் மாமா. சொல்ல வாய் வரல. அதான்... அந்தப் பக்கம் திரும்பி அழுதேன்.”

பிரியமானவர்களே, பாட்டு சந்தோஷம் தருமா என்று இனி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். என் மனைவி பதில் வைத்திருக்கிறாள். உங்கள் வீட்டில் யாராவது தப்பாகப் பாடினால் வாயை மூடாதீர்கள். மூடிவிட்டிருந்தால் இன்றைக்கே முழங்கால் போடுங்கள். செத்த மைக்கில் மூன்று வருஷம் பாடியவளைக் கேட்டுக்கொண்டிருந்த ஆண்டவர் உங்களையும் கேட்பார். பாடத் தெரியாதவர்கள் எங்கள் சபைக்கு வாருங்கள். மூன்றாவது மைக் எப்போதும் ஆனில்தான் இருக்கிறது.